சின்னக் கேட்டைத் திறந்துவிடுங்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மைதானத்தின் கிழக்குச் சுவரில், உழவர் சந்தைப் பக்கம் திறக்கிற சின்னக் கேட்டுக்கு மே மாதம் முதல் வாரத்தில் பூட்டுப் போட்டீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டீசும் ஒட்டினீர்கள். மைதானம் வாகன நிறுத்தத்துக்கு ஏலம் விடப்பட்டுள்ளது, நடைப்பயிற்சிக்கு வருவோர் புறவழிச்சாலையில் திறக்கப்பட்டுள்ள புதிய பூங்காவைப் பயன்படுத்திக்கொள்ளவும் என்று அதில் இருந்தது. நோட்டீசை மழை கரைத்துவிட்டது. பூட்டு அப்படியே தொங்குகிறது.

இரண்டு முறை மனு கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதைக் கொடுக்கப் போன அன்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வீட்டு மாடியில எட்டுப் போட்டு நடங்கம்மா, அதுவும் வாக்கிங்தான்" என்றார். வாசலில் பார்த்த வார்டு உறுப்பினர், "சாப்பாட்டைக் குறைச்சாலே சுகர் இறங்கிடும்க்கா, எதுக்கு இந்த அலைச்சல்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவருக்கு நடை மட்டும் போதும், மற்றவருக்குச் சாப்பாடு மட்டும் போதும். நான் இரண்டையும் தனித்தனியாகச் செய்து பார்த்துத் தோற்றவள். அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

எனக்கு 53 வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடம் கால்மிதி மெஷினில் தைத்தேன். 2013ல் மோட்டார் போட்டேன். ஒரு நாளைக்கு நாலு ஜாக்கெட் தைத்த இடத்தில் ஏழு தைக்க முடிந்தது. காலுக்கு வேலையே போய்விட்டது என்பது அப்போது உறைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். 2016ல் கத்தரிக்கோல் விழுந்து கால்விரலில் பட்ட காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை என்றார்கள்.

இந்த ஊரில் சர்க்கரை வந்த எல்லோரும் செய்கிற முதல் காரியத்தையே நானும் செய்தேன். சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் சப்பாத்தி. சோறு கெட்டது, சப்பாத்தி மருந்து என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ! இரண்டு சப்பாத்தியில் வயிறு நிறையாது, நாலு சாப்பிடுவேன். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா. சாயங்காலம் நாலு மணிக்குக் கண் இருட்டும், கடைக்கு எதிரில் முறுக்கு வாங்கித் தின்பேன். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன். இளைத்தது தொடைச் சதை. தரையில் உட்கார்ந்து துணி வெட்டினால் எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க வேண்டியிருந்தது. சர்க்கரை முதலில் இறங்கியது, பிறகு ஏறியது. தீபாவளிப் பலகாரத்தோடு பத்தியம் முடிந்தது.

அடுத்தது நடை. 2018ல் பக்கத்து வீட்டு அக்காவோடு மெயின் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். தினமும் அரை மணி நேரம் நடந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் வந்ததும் ஐந்து இட்லி, மதியம் குவித்துப் போட்ட சோறு, ராத்திரி தோசை. நாம்தான் நடக்கிறோமே என்ற தைரியம். அந்த வருடக் கடைசியில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஏழுக்குள் இருக்க வேண்டியது.

சின்னக் கேட் என் வாழ்க்கைக்குள் வந்தது 2019ல். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். "ரோட்டுல எதுக்குடி நாய்க்கும் லாரிக்கும் பயந்துட்டு நடக்கற, மைதானத்துக்கு வா" என்று கூட்டிப்போனார். அங்கே பூக்கட்டுகிற அக்கா, ரைஸ்மில் வேலைக்குப் போகிறவர், மெஸ் நடத்துகிறவர், மருமகள் பேறுகாலத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பாட்டி என்று பதினொரு பேர் இருந்தார்கள். நான் பன்னிரண்டாவது ஆள். சேலைக்குக் கீழே ஷூ போடக் கூச்சப்பட்டு முதல் வாரம் செருப்போடு நடந்தேன். பாட்டியே கேன்வாஸ் ஷூ போட்டிருந்ததைப் பார்த்து நானும் வாங்கினேன்.

எங்கள் காலையை மணிக்கணக்கோடு சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். விஷயம் இதில்தான் இருக்கிறது. ஐந்து மணிக்கு மைதானம். வேப்பமரத்திலிருந்து ஒரு சுற்று வர ஆறு நிமிடம். ஆறு சுற்று. பிறகு கால்பந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு டீச்சர் எண்ண எண்ணப் பதினைந்து தோப்புக்கரணம். ஐந்தே முக்காலுக்குச் சின்னக் கேட்டைத் தாண்டினால் உழவர் சந்தை. அந்த நேரத்துக்குத்தான் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் கீரைக் கூடைகள் வந்து இறங்கும், விலைப்பலகையில் அன்றைய விலை எழுதுவார்கள். ஆறேகாலுக்கு வீடு. ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதைப் பிடித்துவிட்டு அடுப்பு, பிள்ளைகளுக்கு டப்பா, கடை. இதில் கால் மணி நேரத்தை எங்காவது இழுத்தால் எல்லாமே அறுந்துவிடும்.

கீரை எட்டு மணிக்குக் காத்திருக்காது. அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி, வெந்தயக்கீரை எல்லாம் ஏழு மணிக்குள் போய்விடும், மிஞ்சினது வாடிவிடும். சந்தையில் பத்து ரூபாய்க் கட்டு தெருவண்டியில் இருபது. அதுவும் வண்டிக்காரர் கொண்டுவருவது உருளை, வெங்காயம், தக்காளி, முட்டைகோஸ். வாழைத்தண்டும் கொத்தவரையும் பாகலும் புடலையும் பறித்த அன்றே வேண்டுமென்றால் சந்தைதான். 1999ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விவசாயி இடைத்தரகர் இல்லாமல் தானே எடைபோட்டு விற்க வேண்டும், வாங்குபவருக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். நடந்து முடித்த காலோடு உள்ளே போய்க் கையில் கீரையோடு வெளியே வந்த எங்களை மாதிரிப் பெண்களுக்கு அது சொன்னபடியே நடந்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று தட்டுக் கணக்கு இருக்கிறது. தானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். நம் வீடுகளில் தலைகீழ். நாலு பேர் உள்ள என் வீட்டுக்கு அந்தக் கணக்குப்படி நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் காய் வேண்டும். அரிசி ரேஷனில் விலையில்லாமல் வருகிறது, காய் அப்படி வராது. ஒரு ஜாக்கெட் கூலியில் அவ்வளவு காயை வாங்கச் சந்தை விலையில்தான் முடியும். வண்டி விலைக்கு வாங்கினால் மூன்றாம் நாளே சோறும் புளிக்குழம்பும் அப்பளமும் என்று பழைய தட்டுக்குத் திரும்பிவிடுவோம். திரும்பிவிட்டோம்.

சந்தையால் என் தட்டு மாறியது. பாதித் தட்டுக்குக் கீரையோ காயோ, கால் தட்டுக்குப் பருப்போ சுண்டலோ மீனோ, மீதிக் கால் தட்டுக்குத்தான் சோறு. சோற்றை விடவில்லை. விட வேண்டியதும் இல்லை என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொன்னபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. சோற்றுக்கு அழுகிற ஜாதிதானே நாம். ஒன்றரை வருடத்தில் 9.4 என்பது 7.2 ஆனது. மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்கள். தரையிலிருந்து மேஜையைப் பிடிக்காமல் எழுந்தேன்.

இடையில் கொரோனா வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், ஊரடங்கில் கூட்டத்தைக் குறைக்க உழவர் சந்தையையே அந்த மைதானத்துக்குள் மாற்றினீர்கள். சுண்ணாம்பில் வட்டம் போட்டு எங்களை நிற்க வைத்தீர்கள். மைதானமும் சந்தையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்பது அன்றைக்கு நகராட்சிக்குத் தெரிந்திருந்தது.

ஒருத்தியின் ரத்தச் சீட்டு ஊருக்குச் சான்றாகாது என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நாலு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்கு உணவிலும் உடற்பயிற்சியிலும் சேர்த்து மாற்றம். ஒரு பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. கடைசிப் பிரிவுக்கு உணவு, பயிற்சி, மாத்திரை எல்லாம். மூன்று வருடத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆனார்கள். உணவையும் நடையையும் சேர்த்துக் கடைப்பிடித்த பிரிவில் 39 பேர்தான். மாத்திரைப் பிரிவில் 40 சொச்சம், எல்லாம் சேர்ந்த பிரிவிலும் 39 சொச்சம். மாத்திரை என்ன செய்ததோ அதைக் கீரையும் காலும் செய்திருக்கின்றன, அதற்கு மேல் மாத்திரை சேர்த்தும் பெரிய கூடுதல் பலன் இல்லை. இது வெள்ளைக்காரன் ஊர்க் கதை இல்லை. நம்மைப் போல இட்லி தின்னும் உடம்புகளில் பார்த்தது.

நாட்டுக் கணக்கும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். உங்கள் நகர்மன்றக் கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர்களை அந்தக் கணக்கில் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்தால் ஏன் பலிக்கிறது என்று நர்ஸம்மா எனக்கு விளக்கினார். உடம்பில் சர்க்கரையை அதிகமாக வாங்கிச் செலவழிப்பது தசை. அதிலும் பெரிய தசை தொடையில் இருக்கிறது. தசை வேலை செய்கிறபோது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் அந்த இழுப்பு இருக்கும். பிறகு மங்கிவிடும். அதனால் இரண்டு நாளைக்கு மேல் விடாமல் நடக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் வாயில் கொட்டுவது தசை இழுப்பதைவிட அதிகமானால் நடை தோற்கும். பட்டினி கிடந்து தசையே கரைந்தால் இழுப்பதற்கு ஆளில்லாமல் போகும். என் சப்பாத்திக் காலத்தில் தொடை மெலிந்தது ஏன், மெயின் ரோட்டுக் காலத்தில் சர்க்கரை அசையாதது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"சாப்பாட்டைக் குறைச்சாலே போதும்" என்ற உறுப்பினருக்கும், "மாடியில எட்டுப் போடுங்க" என்ற அலுவலருக்கும் இதுதான் என் பதில். மாடி என்று சொன்னதால் இன்னொன்று: எங்கள் தெருவில் பாதி வீடு ஓட்டு வீடு. மீதியில் மாடி, வீட்டுக்காரருக்குத் துணி காயப்போடும் இடம். குடியிருப்பவள் விடியற்காலையில் ஏறித் தடதடவென்று நடந்தால் அடுத்த மாதம் வாடகை ஏறும்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் கூட்டம் ஒன்று தெற்கு மூலையில் நடக்கும். நாலு சுற்று முடிந்ததும் நேராக டீக்கடைக்குப் போய் மெதுவடை இரண்டு, சீனி போட்ட டீ. அரை மணி நடந்து எரித்ததை அந்த வடைகளே திருப்பிக் கொடுத்துவிடும், டீ வேறு. கேட்டால் அருகம்புல் சாறும் குடித்தோமே என்பார்கள். எங்கள் கூட்டத்திலும் வெள்ளிக்கிழமை கேசரி கொண்டுவருகிற ஒருவர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். மனிதர்கள் அப்படித்தான். ஆனால் வடை தின்றவரைத் திருத்த அடுத்த நாள் காலையில் அவர் மைதானத்துக்கு வர வேண்டுமே. பூட்டிய கேட்டுக்கு யார் வருவார்கள்?

பன்னிரண்டு பேரில் இன்றைக்கு நடப்பவர்கள் மூன்று பேர். ரைஸ்மில் அக்கா மெயின் ரோட்டில் நடந்தார். ஜூனில் ஒரு நாள் இருட்டில் வந்த பைக் இடித்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலை இல்லை, கூலி இல்லை. பாட்டிக்கு நடந்தது வேறு. அவர் போடுகிற மாத்திரைக்கு வெறும் வயிற்றில் நடந்தால் சில நாள் சர்க்கரை தாழ்ந்துவிடும், வியர்த்து நடுங்கும். மைதானத்தில் அதற்காகவே டீச்சர் பையில் குளுக்கோஸ் பிஸ்கட்டும் கல்கண்டும் வைத்திருப்பார். யாருக்கு முகம் வெளுத்தாலும் உடனே பார்த்துவிடுவோம். ரோட்டில் தனியாக நடந்த அன்றைக்குப் பாட்டி ஒரு கடைப் படிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குடித்திருப்பார் என்று நினைத்து இரண்டு பேர் கடந்து போனார்களாம். பால்காரர் பார்த்ததால் பிழைத்தார். அதோடு அவர் மகன் நடையை நிறுத்திவிட்டார். அவரை எப்படிக் குறைசொல்வது?

எனக்குப் போன மாதம் 8.1.

சந்தையில் கீரை விற்கிற ஆத்தா ஒருவர், கேட் பூட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிக்கொண்டு போன என்னைப் பார்த்து, "உங்க கூட்டம் வர்றதில்லியே தாயி, தெனம் பத்துப் பதினஞ்சு கட்டு திரும்பிப் போவுது" என்றார். அந்த நஷ்டத்தையும் ஏலத் தொகையில் யாரும் கழிக்கவில்லை.

புதிய பூங்காவைப் பார்க்காமல் குறை சொல்லவில்லை. டீச்சரும் நானும் ஒரு ஞாயிறு போனோம். அழகாக இருக்கிறது. சிமெண்ட் நடைபாதை, வரிசையாக மஞ்சளும் நீலமுமாக உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயர் எழுதிய பெரிய எழுத்துகள். ஆனால் எங்கள் தெருவிலிருந்து நாலு கிலோமீட்டர். ஆறு மணிக்குத்தான் திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் வேறு. ஷேர் ஆட்டோ அந்த நேரத்துக்குக் கிடையாது. அங்கே நடப்பவர்கள் எல்லாரும் காரிலோ ஸ்கூட்டியிலோ வந்தவர்கள். நடக்கப் போவதற்கு வண்டி எடுக்க வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல பூங்கா. பக்கத்தில் ஒரு கீரைக்கட்டு வாங்க இடமில்லை, வாசலில் பஜ்ஜிக் கடை மட்டும் இருக்கிறது.

மைதானத்தில் இப்போது என்ன நடக்கிறது? முகூர்த்த நாளில் மண்டபத்துக்கு வருகிற வேன்களும், பண்டிகைக்கு முன்னால் ஜவுளிக்கடைக்கு வருகிற கார்களும் நிற்கின்றன. மற்ற நாளில் காலை ஒன்பது மணி வரைக்கும் ஒரு வண்டிகூட இருப்பதில்லை. பூட்டிய கேட்டின் கம்பி வழியாக நானே எட்டிப் பார்த்துக்கொண்டு போகிறேன். வெறும் மண்ணை, யாரும் நடக்காமல், பூட்டிப் பாதுகாக்கிறீர்கள். ஏலம் எடுத்தவரைக் கேட்டால், "நகராட்சி சொன்னா திறந்துடறேன், எனக்கென்னம்மா" என்கிறார்.

இதற்கு அரசு சம்மதிக்குமா என்று நீங்கள் தயங்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கே மாத்திரை வருகிறது, அதற்கு நன்றி உண்டு. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்து, எல்லோரும் நடங்கள் என்று அரசே சொன்னது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடல் உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. எங்கள் ஆறு சுற்றும் தோப்புக்கரணமும் அந்தக் கணக்குக்கு மேலேயே இருந்தன, அரசுக்கு ஒரு பைசா செலவில்லாமல். மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற அரசும், நடக்கிற இடத்துக்குப் பூட்டுப் போடுகிற நகராட்சியும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. அந்தத் தன்னார்வலர் பெண் மாத்திரைப் பட்டையைக் கொடுத்துவிட்டு "நடக்கறீங்களா அக்கா?" என்று கேட்டுத் தாளில் குறிக்கிறார். மூன்று மாதமாக "இல்லை" என்று குறித்துக்கொண்டு போகிறார். அந்தத் தாள் எங்கே போகிறது, யார் படிக்கிறார்கள்?

உங்கள் கடமை பற்றி உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். ஆனாலும் சொல்கிறேன். நகராட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டியவை என்று அரசியலமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணை எண்ணிச் சொல்கிற 18 பொறுப்புகளில் பொதுச் சுகாதாரமும் இருக்கிறது, பூங்கா, விளையாட்டு மைதானம் போன்ற வசதிகளும் இருக்கின்றன. வாகன நிறுத்துமிடமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்காக மற்ற இரண்டையும் பூட்டச் சொல்லவில்லை. பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே தனிச்சட்டம் உண்டு. அப்படிப்பட்ட இடங்களுக்கு உள்ளாட்சி பட்டியல் வைத்திருக்க வேண்டும், பட்டியலில் உள்ளதை வேறு காரியத்துக்குத் திருப்ப முன்அனுமதி வேண்டும். நம் மைதானம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, அனுமதி வாங்கினீர்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். 30 நாள் ஆகும் முன்பே நீங்களாகச் சொல்லிவிட்டால் நல்லது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

சின்னக் கேட்டைத் தினமும் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரைக்கும் திறந்துவிடுங்கள். ஏலத்தை ரத்து செய்யச் சொல்லிக்கூட இப்போது கேட்கவில்லை. அந்த நேரத்தில் வண்டிகள் இல்லை, ஏலதாரருக்கு நஷ்டமும் இல்லை. மாலையில் கடை மூடிய பிறகு நடக்க விரும்புகிறவர்களுக்காக, முகூர்த்த நாள் தவிர மற்ற நாட்களில் ஏழிலிருந்து எட்டரை வரை திறக்க முடியுமா என்றும் பாருங்கள்.

மைதானத்தின் ஓரமாக, சுவரை ஒட்டி இருபது அடி அகலத்துக்குக் கல் நட்டு, அதற்குள் வண்டி வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுத்த ஏலம் வரும்போது நடைபாதையைக் கழித்துவிட்டு மீதி இடத்துக்கு மட்டும் விலை வையுங்கள். சிமெண்ட் வேண்டாம். மண் தரைதான் முட்டிக்கு இதம்.

வேப்பமரத்துப் பக்கம் இரண்டு விளக்கு எரிவதில்லை, மாற்றித் தாருங்கள். வேன் டிரைவர்கள் உடைத்துப் போட்ட பாட்டில் கண்ணாடியை அள்ளச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குக் காலில் குத்தியதுகூடத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். சந்தைக்குள் இருக்கிற கழிப்பறையை ஐந்து மணிக்கே திறந்து வைக்கச் சொன்னால் பெண்கள் பாதிப் பேர் தைரியமாக வருவார்கள்.

சுகாதார நிலையத்தோடு பேசி, மாதத்தில் ஒரு காலை சின்னக் கேட்டருகில் ஒரு மேஜை போட்டுச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சந்தைக்கு வருகிற விவசாயிகளையும் சேர்த்துப் பாருங்கள். காலெல்லாம் வெடிப்போடு வருகிற அவர்களை யாரும் இதுவரை பார்த்ததில்லை.

ஏலத் தொகை எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு, என்ன நிபந்தனை என்பதை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இந்த மனுவை அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வையுங்கள். எங்கள் வார்டின் பகுதி சபாக் கூட்டத்தையும் அதற்கு முன்பே ஒரு சாயங்காலமாகப் பார்த்து நடத்துங்கள். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் நாங்கள் யாரும் வர முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

திறந்து மூட ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டீச்சர் 4.50க்கு அங்கே இருப்பார். சாவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறோம், ஏழு மணிக்குப் பூட்டி உழவர் சந்தை அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறோம். சாவி யாரிடம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
சின்னக் கேட் வழியே நடந்த பன்னிரண்டு பேருக்காக,
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள்